கருணைக்கொலை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள்: திருச்சபை, சட்டம், ஐ.சி.யூ. வாசல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற ஊர்ப்பெயரையே அங்குள்ள ராயப்பர் கோயிலோடு சேர்த்துத்தான் சொல்வது வழக்கம். இந்தக் குடும்பங்களில் யாருக்காவது மூளையில் ரத்தக்கசிவு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் இரண்டு வாரம் கிடந்தால், ஒரு கட்டத்தில் பங்குத்தந்தைக்கு, அதாவது அந்த வட்டாரக் கோயிலின் குருவுக்கு, போன் வரும். “ஃபாதர், மெஷினை எடுத்துடலாம்னு பேச்சு வருது. எடுத்தா பாவமா ஃபாதர்?”

கேட்பவருக்கு இது ஒரே கேள்வி. உண்மையில் அதற்குள் மூன்று இருக்கின்றன.

1. திருச்சபை என்ன போதிக்கிறது? இது கத்தோலிக்கரின் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் முஸ்லிமையோ இந்துவையோ கட்டுப்படுத்தாது.
2. திருச்சபை நடத்தும் ஆஸ்பத்திரியோ பள்ளியோ எதைச் செய்ய மாட்டோம் என்று மறுக்கலாம்? திருச்சபையின் தன்னாட்சி என்பது இதுதான்.
3. நாட்டின் சட்டம் எல்லாருக்கும் எதை அனுமதிக்கிறது, எதைத் தண்டிக்கிறது? இது பொதுக்கொள்கை.

கோயில் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. ஊழியர்களுக்குக் கருத்தடைக்கான காப்பீடு தரும்படி தங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியர் சபை நடத்திய வழக்கு அப்படிப்பட்டது. 2020ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்துவிட்டு நம்மூர் முதல் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் பாதிக் குழப்பம். மீதிப் பாதி தமிழிலேயே இருக்கிறது.

சொல் செய்த வேலை

2018 மார்ச் 9ஆம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்றும், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் சொன்னது. தமிழ்ச் செய்திகளில் அது ‘கருணைக்கொலைக்கு அனுமதி’ ஆனது. ‘செயலற்ற’ என்ற அடைமொழி சில இடங்களில் இருந்தது. படித்தவர் நினைவில் நின்றது ‘கொலை’ மட்டும்தான்.

ஊசி போட்டு உயிரை எடுப்பதும், பயன் தராத கருவியை அகற்றி நோய் தன் வழியில் போக விடுவதும் ஒன்றல்ல. தமிழர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைப்பது. அதன் நோக்கமே சாவு. நாட்டுச் சட்டத்தில் அது கொலை; திருச்சபைக் கணக்கிலும் கொலைதான். வென்டிலேட்டரை எடுப்பதை இதோடு ஒரே பெயரில் அழைத்தால் மகன் நடுங்காமல் என்ன செய்வான்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே ‘செயலற்ற கருணைக்கொலை’ என்ற தொடரைக் கைவிட வேண்டும் என்று 2018ல் வெளியிட்ட சொல் விளக்கத்தில் கூறியது. நாளிதழ்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கோழி வாங்கித் தின்னவேண்டிய கட்டாயமில்லை

கத்தோலிக்கப் போதனையின் வேர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இருக்கிறது. உயிரைக் காப்பது கடமை என்றால், அதற்காக எதுவரை போகவேண்டும்? டொமினிக்கன் துறவியான பிரான்சிஸ்கோ டி விட்டோரியா இதைச் சாப்பாட்டை வைத்தே விளக்கினார். சாதாரண உணவை உண்பது கடமை. மருத்துவர் சொன்னார் என்பதற்காக விலை கூடிய கோழியை வாங்கித் தின்றே ஆகவேண்டும் என்பதில்லை. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், காலை வெட்டிக்கொள்ளும் வேதனையை ஏற்கவேண்டிய கட்டாயமும் ஒருவருக்கு இல்லை என்று அந்த மரபில் வந்த அறிஞர்கள் எழுதினார்கள்.

இதுதான் பிறகு ‘சாதாரண வழி’, ‘அசாதாரண வழி’ என்ற இரு சொற்களாக நிலைத்தது. 1957ல் திருத்தந்தை (போப்) 12ஆம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, சுவாசக் கருவிக்கு இதைப் பொருத்திக் காட்டினார். கருவியைப் பொருத்தியே ஆகவேண்டும் என்றோ, பொருத்தியதை எடுக்கவே கூடாது என்றோ கட்டாயம் எப்போதும் இல்லை என்பது அவர் பதிலின் சாரம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: பாரமான, ஆபத்தான, கிடைக்கும் பயனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்தலாம். அப்போது நாம் சாவை வரவழைக்கவில்லை. அதைத் தடுக்க நம்மால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறோம்.

பணம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் பல குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் அதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தனியார் ஐ.சி.யூ.வில் அது தீர்ந்த பிறகு நகை அடகுக்குப் போகும், வலையும் படகும் விலைக்குப் போகும். “காசு இல்லாததால அப்பாவைக் கொன்னுட்டோமோ” என்ற குற்ற உணர்வு வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கும். கருணைக்கொலையைக் கண்டித்து வத்திக்கான் 1980ல் வெளியிட்ட அதே அறிவிப்பு, குடும்பத்தின் மீது தாங்க முடியாத செலவைச் சுமத்த வேண்டாம் என்று நினைப்பதும் சிகிச்சையை மறுக்க நியாயமான காரணம்தான் என்கிறது. இந்த ஒரு வரியைப் பிரசங்கத்தில் சொன்னால் எத்தனையோ வீடுகளில் தூக்கம் வரும்.

நீதிமன்றம் காட்டிய பாதை

2018ல் வகுத்த நடைமுறை நடக்கிற காரியமாக இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போதைய வரிசை இது:

1. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட்டால் போதும். முன்பு இதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டியிருந்தது.
2. நிலைமை வந்ததும், சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு ஆராயும்.
3. பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருக்கும் இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லவேண்டும்.
4. எழுதி வைக்காத நோயாளி என்றால் குடும்பத்தாரின் சம்மதம் தேவை.
5. நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரவேண்டும்.

இப்படி எழுதி வைப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை. ‘என்னைக் கொன்றுவிடுங்கள்’ என்று அதில் இல்லாதவரை. ஜெர்மனியில் கத்தோலிக்க ஆயர்களும் சீர்திருத்த சபையும் சேர்ந்து 1999லேயே இதற்கென ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேரும் நம் அன்பியக் கூட்டங்களில் அதைப்போல ஒன்றைப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் தீர்ப்பு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி வாசல் ஒரு பக்கம். பல இடங்களில் நடப்பது, ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது. கையால் அமுக்கும் பலூனோடு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்து, கூடத்தில் பாயில் கிடத்தி, வலிக்கு ஒரு மாத்திரைகூட இல்லாமல் மூச்சிரைத்துச் சாகும் மனிதர் எந்தக் கோட்பாட்டிலும் அடங்குவதில்லை. வலி தணிக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்றாலும், வலியைக் குறைக்கும் நோக்கத்தில் அதைத் தரலாம் என்பது திருச்சபையின் நிலை. 2014ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியபோது, மருத்துவத்துக்கு மார்ஃபின் பெறுவதில் இருந்த உரிமச் சிக்கலும் குறைக்கப்பட்டது. போதனையும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. கருணைக்கொலை எதிர்ப்புக்குச் செலவாகும் குரலில் பாதி இதற்குச் செலவானால் நல்லது.

உரசல் உண்மையில் எங்கே?

குழாய் வழியாக உணவு தருவதில். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973ல் தாக்கப்பட்டு, 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்து, 2015ல் நிமோனியாவில் இறந்தார். அவருக்கு உணவை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2011ல் ஏற்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் ஒத்துக்கொள்ளாதது அதில் பெரிய காரணம். ஆனால் குறிப்பிட்ட சூழலில் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

திருத்தந்தை 2ஆம் ஜான் பால் 2004ல் சொன்னது: குழாய் வழியாகத் தந்தாலும் சோறும் தண்ணீரும் சிகிச்சை ஆகாது, அடிப்படைப் பராமரிப்பு, பொதுவாக அதை நிறுத்தக் கூடாது. உடல் உணவை ஏற்காத நிலையிலோ, குழாயே பெரும் துன்பம் தரும்போதோ விலக்கு உண்டு என்று 2007ல் வத்திக்கான் விளக்கம் தந்தது. 2024ல் வத்திக்கானின் வாழ்வுக்கான கழகம் வெளியிட்ட சிறு கையேடு இதில் கொஞ்சம் இளக்கம் காட்டியது. அது கழகத்தின் ஆய்வுக் கையேடு. போதனை ஆவணங்களுக்கு உள்ள எடை அதற்கு இல்லை.

ஆக, வென்டிலேட்டர் விஷயத்தில் உச்ச நீதிமன்றமும் திருச்சபையும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கின்றன. குழாய் என்று வரும்போது, அது நிறுத்தக்கூடிய சிகிச்சையா, நிறுத்தக் கூடாத பராமரிப்பா என்பதில் வழி பிரிகிறது.

மூளைத்தண்டுச் சாவு இந்த விவாதத்திலேயே சேராது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்தால், 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி அவர் இறந்தவர். மூளைச்சாவை அளவுகோலாகக் கொள்வதை 2000ல் 2ஆம் ஜான் பால் ஏற்றார், உறுப்பு தானத்தையும் பாராட்டினார். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு 2023 முதல் அரசு மரியாதையோடு நடக்கிறது. “உயிர்ப்பு நாளில் உடம்பு முழுசா வேணுமே” என்று கல்லறைத் தோட்டத்தில் கவலைப்படும் பாட்டிகளுக்குத் திருச்சபையின் பதில்: கவலை வேண்டாம்.

பிரசவ வார்டு

கருக்கலைப்பில் முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும், அதாவது போதனையும் சட்டமும், நேருக்கு நேர் மோதுகின்றன. கரு உருவான நொடியிலிருந்து உயிர், அதை நேரடியாக அழிப்பது எந்தக் காரணத்துக்கும் சரியில்லை என்பது போதனை. 1971ஆம் ஆண்டுச் சட்டம், 2021ல் வந்த திருத்தத்தோடு சேர்த்து, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், 20 முதல் 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும் அனுமதிக்கிறது. திருமணமாகாத பெண்ணை இதில் ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரி கருக்கலைப்பை மறுக்க முடியுமா? முடியும். ஆனால் அது மத உரிமை என்ற பெரிய கதவு வழியாக வரவில்லை. சட்டத்தின் 4வது பிரிவுப்படி, அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகாரம் தந்த இடத்திலோ மட்டும்தான் கருக்கலைப்புச் செய்யலாம். தனியார் ஆஸ்பத்திரி அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால் முடிந்தது கதை. அமெரிக்காவில் இதற்கென்றே 1973ல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. அதன் பெயர் ‘சர்ச் திருத்தம்’. கொண்டுவந்த செனட்டரின் பெயர் ஃபிராங்க் சர்ச் என்பதால் வந்த பெயர், திருச்சபைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இங்கே சிக்கல் தனி ஆளுக்குத்தான். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கத்தோலிக்கச் செவிலியருக்கு, ‘என் மனசாட்சி ஒப்பவில்லை’ என்று விலகும் உரிமையை 1971ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் தரவில்லை. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. இங்கே உள்ள வழி, தலைமைச் செவிலியரிடம் சொல்லி டியூட்டியை மாற்றிக்கொள்வது மட்டும்தான்.

தாயின் உயிரே ஆபத்தில் இருந்தால்? சட்டத்தின் 5வது பிரிவு அப்போது வாரக் கணக்கையும் இடக் கட்டுப்பாட்டையும் விலக்கிவிடுகிறது. எந்த ஆஸ்பத்திரியும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது என்பது 1989ஆம் ஆண்டின் பரமானந்த் கட்டாரா தீர்ப்பு. திருச்சபை இங்கே ‘இரட்டை விளைவு’ என்ற விதியைக் கையில் எடுக்கிறது: தாயின் கடும் நோயைத் தீர்க்கும் சிகிச்சையைத் தரலாம், அதனால் குழந்தை இறக்கும் என்று தெரிந்தாலும், அது நோக்கமாக இல்லாதவரை குற்றமில்லை. கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை இதில் அடங்கும்.

காகிதத்தில் தெளிவு. பிரசவ அறையில் மணிக்கணக்குதான் முடிவு செய்யும். 2012ல் அயர்லாந்தின் கால்வே நகரில் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய இந்தியப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கருவின் இதயத் துடிப்பு இருந்ததால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். அதைச் ‘சர்ச் ஆஸ்பத்திரி செய்த கொலை’ என்று இங்கே பலர் பகிர்ந்தார்கள். அது அரசு ஆஸ்பத்திரி; தடுத்தது அந்த நாட்டுச் சட்டமும் அதைப் பற்றிய பயமும். கத்தோலிக்கப் போதனையைக் கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் சேர்த்து நாட்டுச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம். 2018ல் 66.4 சதவீத அயர்லாந்து வாக்காளர்கள் அந்தத் தடையை நீக்கினார்கள்.

கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணுக்குத் திருச்சபையில் மன்னிப்பே இல்லை என்ற பேச்சும் தவறு. திருச்சபைச் சட்டத்தில் தண்டனை கடுமைதான். ஆனால் எந்தக் குருவும் அந்தப் பாவத்தை மன்னிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016ல் நிரந்தரமாக அனுமதித்தார்.

சோதனைக்குழாய்க் கருத்தரிப்பையும் வாடகைத்தாயையும் வத்திக்கான் 1987லேயே மறுத்துவிட்டது. 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் காசுக்கு வாடகைத்தாயாவதை மட்டும் தடுக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் திருத்தந்தையின் 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடல் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது பிரசவத்தோடு ‘ஆபரேஷன்’ செய்துகொண்டு, ஞாயிறு பூசைக்கும் தவறாமல் வரும் அம்மாக்கள் எந்தப் பங்கில் இல்லை?

தன்னாட்சி எதுவரை?

அரசியல் சாசனத்தில் சிறுபான்மையினருக்கான 30வது பிரிவைத்தான் எல்லாரும் எடுத்ததும் சொல்வார்கள். அது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். ஆஸ்பத்திரிக்கு உள்ள பாதுகாப்பு 26வது பிரிவு: மத, அறச் செயல்களுக்கான நிறுவனங்களை நடத்தும் உரிமை. அதன் முதல் வரியிலேயே ‘பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு’ என்று வருகிறது. ஆஸ்பத்திரியின் தொழிலே சுகாதாரம். உரிமையும் கடிவாளமும் ஒரே வாக்கியத்தில்.

கல்வியிலும் கைகள் கட்டப்பட்டுத்தான் இருக்கின்றன. நீட் தேர்வு தங்களுக்குப் பொருந்தாது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய வழக்கு 2020 ஏப்ரலில் தோற்றது. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கும் சகோதரிகளும் குருக்களும் ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது சொத்து வைத்துக்கொள்வதில்லை என்ற உறுதிமொழி, கொடுத்தவர்கள். சம்பளம் சபைக்குப் போகிறது. எனவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்ற வாதத்தை 2024 நவம்பர் 7ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. திருச்சபைச் சட்டம் அவர்களுக்குச் சொத்து இல்லை என்கிறது. வரித்துறைக்கு அவர்கள் சம்பளக்காரர்கள்.

திருமணத்திலும் இதே கதை. மறைமாவட்டத் தீர்ப்பாயம் ‘இந்தத் திருமணம் செல்லாது’ என்று சொன்னாலும் நாட்டுச் சட்டத்தில் கட்டு அவிழாது என்பதை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றம் போகாமல் அடுத்த திருமணம் செய்தால், கோயிலில் அது திருவருள்சாதனம் என்ற புனிதச் சடங்கு, கோர்ட்டில் இருதார வழக்கு.

பாவசங்கீர்த்தனத் தட்டி

எல்லாவற்றிலும் கடினமான முடிச்சு இதுதான். பாவசங்கீர்த்தனம் என்பது தட்டி மறைவில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது. அதில் கேட்டதை வெளியிட்ட குருவுக்குத் திருச்சபைச் சட்டத்தில் விதிவிலக்கில்லாத சபைநீக்கம். சிறார் மீதான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் ‘எந்த நபரும்’ போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சை பாரதிய சாட்சியச் சட்டம் காப்பாற்றுகிறது. குருவுக்கு அப்படி ஒரு வரி அதில் கிடையாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2025ல் குருக்களுக்கு விலக்கில்லாமல் இப்படியொரு சட்டம் இயற்றியது. மத உரிமையைக் காட்டி நீதிமன்றம் ஜூலையில், பாவசங்கீர்த்தனத்துக்கு அது பொருந்துவதை நிறுத்திவைத்தது. அங்கே பாவசங்கீர்த்தனம் இரண்டாவது கேள்வி, அதாவது திருச்சபையின் தன்னாட்சி. போக்சோ மூன்றாவது கேள்வியாக, பொதுக்கொள்கையாகவே அதைப் பார்க்கிறது.

தட்டிக்கு அந்தப் பக்கம் அழும் பிள்ளையிடம் குரு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. “இதை வெளியே வந்து என்கிட்ட இன்னொரு தடவை சொல்றியாம்மா?” என்று கேட்கலாம். வெளியே வந்து அவள் சொன்னால் அது பாவசங்கீர்த்தனம் இல்லை; பாவசங்கீர்த்தன ரகசியம் என்ற முத்திரை அதைக் காக்காது, 19வது பிரிவு அந்த நிமிடமே அவர்மீது பாயும். சொல்ல மறுத்துவிட்டாலும், சிறார்களுக்கான 1098 எண்ணை அவள் கையில் எழுதிக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.